வீடா, முதலீடா? ஒப்பந்தத்திலேயே இருக்கிறது விடை

புது தில்லி: அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டங்களில் முன்பணம் கட்டிய அனைவரையும் சட்டம் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. குடியிருக்க வாங்குபவர் வேறு, லாபம் கருதிப் பணம் போடுபவர் வேறு என்பதை 2025 செப்டம்பரில் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறியுள்ளது. நொய்டா, குருகிராம் பகுதிகளில் மட்டுமன்றி, நாடெங்கும் ரியல் எஸ்டேட்டில் முதலீடு செய்வோர் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

பின்னணி என்ன?: திவால் சட்டத்தில் 2018-ல் செய்யப்பட்ட திருத்தம், வீடு வாங்குவோருக்கு வங்கிகளைப் போலவே நிதிக் கடன் அளித்தவர் என்ற தகுதியை வழங்கியது. இதை 2019-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால், தனி நபர்கள் இந்த வழியில் வழக்குகளைக் குவித்ததால் 2020-ல் கட்டுப்பாடு வந்தது. ஒரு திட்டத்தில் ஒதுக்கீடு பெற்றவர்களில் 100 பேர் அல்லது 10 சதவீதத்தினர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால்தான் திவால் நடவடிக்கை கோர முடியும்.

இப்போது ஊக முதலீட்டாளர்களுக்கு அந்தக் கதவும் அடைக்கப்பட்டுள்ளது. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் கட்டுமான நிறுவனமே கூடுதல் விலைக்கு வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்ற ஷரத்து, நிச்சயமான வருவாய் குறித்த உறுதிமொழி, ஒருவரே பல வீடுகளை வாங்கியிருப்பது, வீட்டை ஏற்காமல் வட்டியுடன் பணத்தையே கேட்பது ஆகியவை ஊக முதலீட்டின் அடையாளங்களாகக் கருதப்படும். இத்தகையோர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், நுகர்வோர் ஆணையம், சிவில் நீதிமன்றம் ஆகியவற்றை நாடலாம்.

எந்த ஷரத்து தமக்குப் பாதுகாப்பு என்று முதலீட்டாளர் நம்புகிறாரோ, அதுவே அவரது உரிமையைக் குறைக்கிறது என்பதுதான் இதில் உள்ள முரண். நிறுவனம் நொடித்துவிட்டால் அந்த உறுதிமொழியும் வெறும் காகிதமாகிவிடும்.

கேட்க வேண்டிய கேள்விகள்: கையெழுத்திடும் முன் நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்வது அவசியம்.

முதலாவது, திட்டம் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்யப்பட்டுள்ளதா? பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெற இச்சட்டம் அனுமதிப்பதில்லை.

இரண்டாவது, நிலம் யாருடையது? நொய்டாவில் நிலம் வளர்ச்சி ஆணையத்திடமிருந்து குத்தகைக்குப் பெறப்படுகிறது. கட்டுமான நிறுவனங்கள் வைத்த பாக்கியால், முழுப் பணம் கட்டியவர்களுக்கும் பத்திரப் பதிவு முடங்கியது.

மூன்றாவது, கட்டட வரைபடத்துக்கு முறையான அனுமதி உண்டா? விதிமீறலுக்காக நொய்டாவின் சூப்பர்டெக் இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28-ல் தகர்க்கப்பட்டன.

நான்காவது, வங்கிக் கடன் யார் பெயரில் உள்ளது? வீட்டை ஒப்படைக்கும் வரை தவணையை நிறுவனமே கட்டும் என்ற கவர்ச்சித் திட்டங்களில், நிறுவனம் கட்டத் தவறினால் வங்கி வாங்கியவரையே துரத்துகிறது. இது தொடர்பாக வங்கிகளுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் இடையே கூட்டு உள்ளதா என விசாரிக்குமாறு 2025-ல் சிபிஐக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

யாருக்கு நியாயம்?: ஓய்வுக் காலத்துக்காக இரண்டாவது வீடு வாங்கும் நடுத்தர வர்க்கத்தினரும் ஊக முதலீட்டாளர் ஆகிவிடுவார்களோ என்ற அச்சம் எழுவது இயல்பு. ஒவ்வொரு வழக்கின் தன்மையைப் பொறுத்தே அது முடிவாகும். எனினும், தீர்ப்பின் அடிப்படை நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஒருவர் தமது பாக்கியை வசூலிக்கத் தொடுக்கும் திவால் வழக்கு, அதே திட்டத்தில் வீட்டுக்காகக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்திவிடக் கூடும்.

மாற்று வழிகளும் எளிதானவை அல்ல. ஒழுங்குமுறை ஆணையத்தில் உத்தரவு பெறுவது ஒரு கட்டம் என்றால், நில வருவாய் பாக்கியைப் போல அத்தொகையை வசூலிப்பது இன்னொரு கட்டம். அந்த வசூலை விரைவுபடுத்தும் பொறுப்பு மாநில அரசுகளுடையது. அது நிறைவேறும் வரை, ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துப் பார்ப்பதே முதலீட்டாளருக்கு மிஞ்சும் பாதுகாப்பு.