ஆற்றங்கரை எங்களுக்குப் புதிதல்ல, நாற்காலிதான் புதிது

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஒன்பது பேர் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஓர் உணவகத்துக்குச் சாப்பிடப் போனோம். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கிராமங்களில் பிள்ளைகளுக்கு மாலைநேரப் பாடம் சொல்லித்தரும் குழு நாங்கள். ஒன்பது பேரில் நான்கு பேர் பட்டாசு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிக்கும் பெண்கள். வாரம் 20 ரூபாய் என்று ஆறு மாதம் ஆளாளுக்குச் சேர்த்த பணம் கையில் இருந்தது. எங்கே போகலாம் என்று கேட்டபோது கோயில், சினிமா, கடல் எல்லாம் வந்து போயின. "ஓடுற தண்ணியப் பாத்துக்கிட்டே உக்காந்து சாப்பிடணும்க்கா" என்று ஒரு தங்கை சொன்னாள். அதுவே முடிவானது.

ஓடுகிற தண்ணீரைப் பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் மாவட்டம் தாண்டித்தான் போக வேண்டும். மேற்கே மலையடிவாரத்தை விட்டால், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழைக்காலம் போனதும் மணலும் சீமைக்கருவேலமும்தான். விருதுநகரின் கௌசிகா நதியில் ஊர்ச் சாக்கடை ஓடுகிறது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் இந்த மண்ணில் தீப்பெட்டியும் பட்டாசும் காலூன்றின. எங்களுக்கு ஆறு இல்லாமல் போனதும், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மருந்து செலுத்தும் வேலை வந்ததும் ஒரே காரணத்தால்தான். அந்தத் தங்கையின் ஆசையைச் சின்ன ஆசை என்று நாங்கள் நினைக்கவில்லை.

உணவகத்தில் ஆற்றைப் பார்த்த வரிசையில் ஆறு மேசைகள். நான்கு காலியாக இருந்தன. வாசலில் நின்றவர் எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எங்களில் ஒரு தம்பியின் நீலச் சட்டையில் அம்பேத்கர் படம்.

"எந்த ஊரு?"

சொன்னோம்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

அதையும் சொன்னோம். மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

"ஆத்துப் பக்கம் எல்லாம் புக்கிங். உள்ள உக்காருங்க."

சமையலறைக் கதவை ஒட்டி இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு குடும்பம் வந்தது. "புக் பண்ணலையே, இடம் இருக்குமா?" என்று அவர்கள் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. "வாங்க சார்" என்று அதே வரிசையில், காலியாக இருந்த மேசைகளில் ஒன்றில் அவர்களை உட்கார வைத்ததையும் பார்த்தோம்.

நாங்கள் என்ன செய்தோம்? சாப்பிட்டோம். பணம் கட்டினோம். வேனில் ஏறினோம். கோவில்பட்டி தாண்டும் வரை யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அந்தத் தங்கை சொன்னாள்: "எக்கா, கடைசி வரைக்கும் தண்ணி கண்ணுலயே படலக்கா. சத்தந்தான் கேட்டுச்சு."

தீண்டாமையைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிற நாங்கள், எங்களுக்கே நடந்தபோது ஏன் பேசாமல் எழுந்து வந்தோம்? இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

நடந்ததைச் சொன்னதும் இரண்டு விதமான பதில்கள் வந்தன. இரண்டும் நம்மவர்களிடமிருந்தே வந்தவை என்பதால் இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் பதில், மூத்த தோழர் ஒருவருடையது. "ஆலையில ஆளு செத்துக்கிட்டு இருக்கு. உங்களுக்கு ஆத்தங்கரை ஓட்டல் கேக்குதா?"

தோழர், செத்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கும் மேல். அந்தக் கிராமங்களில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. அந்த மனிதர்கள் உயிரோடு இருந்தபோது எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்?

மருந்து இருக்கும் அறைக்குள் சாப்பிடக் கூடாது. சரியான விதி. அப்படியானால் வெளியே உட்கார இடம் வேண்டாமா? 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறையும், குடிநீரோடு கூடிய உணவருந்தும் அறையும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொன்னது. 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன் என்றது 46ஆவது பிரிவு. கை கழுவ வசதி வேண்டும் என்றது 42ஆவது பிரிவு. நடப்பில் நாங்கள் பார்த்தது என்ன? வேப்பமரத்துக் கிளையில் தொங்கும் தூக்குவாளிகள், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அலுமினியப் பொடி ஏறிய நகத்தோடு பிசையப்படும் புளிச்சோறு. ஷெட்டுகளைக் குத்தகைக்குத் துண்டு துண்டாகப் பிரித்து விடும்போது "இங்கே அத்தனை ஆள் இல்லை" என்று கணக்குக் காட்டுவதும் எளிது.

உயிரைக் காப்பாற்று என்று கேட்பதும், உட்கார்ந்து சாப்பிட இடம் கொடு என்று கேட்பதும் வேறு வேறு கோரிக்கைகள் இல்லை. இவர்களுக்கு நிழல் எதற்கு, நாற்காலி எதற்கு என்று நினைக்கிறவன்தான், இவர்களுக்குப் பாதுகாப்பு எதற்கு என்றும் நினைக்கிறான். வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது பாபாசாகேப் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தை 1946இல் கொண்டு வந்தார். மிச்சமான ஆறு மணி நேரம் எதற்கு? தூங்க, படிக்க, பிள்ளையோடு பேச, விரும்பினால் ஆற்றங்கரையில் உட்கார. ஓய்வு என்பது உழைக்கிறவரின் உரிமை. அதை ஆடம்பரம் என்று நாமே சொல்லிவிட்டால், முதலாளிக்குச் சொல்ல வேறு என்ன மிச்சமிருக்கிறது?

இரண்டாவது பதில், கல்லூரித் தோழர் ஒருவருடையது. "அது சாதி இல்லங்க. கிளாஸ். டிரெஸ்ஸப் பாத்து உள்ள தள்ளிருப்பான். காசுதான் இன்னிக்குச் சாதி."

காசு ஒரு கதவைத் திறந்திருக்கிறது என்பது உண்மைதான். இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விகளை மறுபடி பாருங்கள். "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" என்று அவர் கேட்கவில்லை. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார். எந்த மெனு கார்டில் இந்தக் கேள்விக்கு விலை போட்டிருக்கிறது? டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. புகார் போனதும், சில இடங்களில் எல்லோருக்கும் காகித கப் வந்தது. குவளை ஒழிந்ததற்குச் சந்தோஷம். ஆனால் உள்ளே பெஞ்சில் உட்காருவது யார், வெளியே நின்று குடிப்பது யார் என்று அந்தக் கடைகளில் இன்றைக்கும் எண்ணிப் பாருங்கள். குவளையில் இருந்த கோடு இருக்கைக்கு இடம் மாறியிருக்கிறது. நாங்கள் போன உணவகத்தில் அது ஜன்னலுக்கு மாறியிருந்தது.

அந்த ஆற்றங்கரைக்கு ஒரு பந்தியின் வரலாறும் உண்டு. அதே தாமிரபரணிக் கரையில்தான் சேரன்மாதேவி இருக்கிறது. 1920களில் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில், பிராமண மாணவர்கள் இருவருக்குத் தனிப்பந்தி. தேசியக் கல்வி தருகிறோம் என்று காங்கிரசிடம் நிதி வாங்கிய இடம் அது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்பினார்கள். 1925இல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே அது உலுக்கியது. இரண்டு சிறுவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன, நாட்டு விடுதலையை விட அது பெரிதா என்று அன்றும் கேட்டார்கள். பெரிதுதான் என்று சொன்னவர்களால்தான் தமிழ்நாடு மாறியது. அந்த வாதம் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற இடத்தில் நின்றது. காலனிக்காரன் எந்த மேசையில் உட்காருவான் என்ற கேள்வி நூறு ஆண்டு கழித்தும் அதே கரையில் காத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வியூ சூப்பர்" என்று படம் எடுத்துப் போடுகிற அந்த ஆற்றை நாங்கள் பார்க்கும்போது 1999 ஜூலை 23ஐயும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கேட்டு, நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம் அது. காவல்துறையின் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு, ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். ஆற்றுக்குள் நம்மை இறக்க யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கரையில் உட்காரத்தான் கேட்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஆற்றங்கரை நமக்குப் புதிதே அல்ல. எத்தனையோ ஊர்களில் சேரி இருப்பது ஆற்றோரத் தாழ்ந்த நிலத்தில். வெள்ளம் வந்தால் முதலில் பள்ளிக்கூடத்துக்கு மூட்டை கட்டுவது நாம். பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர்கள் நாம். காலங்காலமாக ஆற்றங்கரையில் இருந்திருக்கிறோம். அங்கே நமக்கென்று ஒரு நாற்காலியை மட்டும் யாரும் போட்டதில்லை.

தண்ணீரும் சோறும் நம் வரலாற்றில் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தவர்கள் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சாதி இந்துக்கள் புகுந்து அடித்தார்கள். சமைத்த சோற்றை மண்ணில் கொட்டினார்கள். குளத்தைத் தொட்டதும், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதும் அவர்களுக்கு ஒரே குற்றமாகத் தெரிந்தது.

அதனால்தானோ என்னவோ, நம் அரசியலமைப்பும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. 15ஆவது உறுப்பின் இரண்டாவது கூறைப் படியுங்கள். கடை, உணவகம், விடுதி ஒரு வரியில். கிணறு, குளம், படித்துறை அடுத்த வரியில். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவிலும் உணவகம் வருகிறது, அங்கே வைத்திருக்கும் பாத்திரம் வருகிறது, ஆறு வருகிறது. தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வைத்த தொகை இது. அன்று நாங்கள் கட்டிய பில்லில் பாதிகூட வராது.

அபராதம் சிறியதுதான். ஆனால் அதே சட்டத்தின் 12ஆவது பிரிவை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக அச்சட்டம் சொல்லும் குற்றம் நடந்தால், அது தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததென்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. "அது சாதி இல்ல, கிளாஸ்" என்பதை நிரூபிக்க வேண்டியவர் அவர். அவருக்காக நாமே வாதாடிக் கொடுக்கத் தேவையில்லை. 2016 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவும் இருக்கிறது. ஆற்றையோ பொது இடத்தையோ பயன்படுத்த விடாமல் தடுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். வகுப்பெடுக்கிறோம். ஆனாலும் அன்று பேசவில்லை. ஏன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், சண்டை இல்லாமல் சாப்பிட்டு வரலாமே என்று நினைத்தோம். பிள்ளைகளின் சந்தோஷம் கெடக்கூடாது என்று நினைத்தோம். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று யாராவது சிரிப்பார்களோ என்றும் கூச்சப்பட்டோம். அந்தக் கூச்சம்தான் சாதியின் காவல்காரன். அடித்தால் கொதிப்போம், கொளுத்தினால் தெருவுக்கு வருவோம். சிரித்துக்கொண்டே மேசையை மாற்றினால் மட்டும் நம் கையே நம் வாயைப் பொத்துகிறது.

இளம் தோழர்களே, இனி இப்படிச் செய்வோம். இரண்டு பேராவது சேர்ந்து போவோம். போனிலோ ஆப்பிலோ முன்பதிவு செய்து அதைப் பத்திரப்படுத்துவோம். இடம் மறுத்தால் காரணத்தை எழுதிக் கேட்போம். காலி மேசையைப் படம் எடுப்போம். நேரம் போட்ட பில்லை வாங்குவோம். யார் என்ன கேட்டார்கள் என்பதை வெளியே வந்ததும் சொல் மாறாமல் எழுதி வைப்போம். அன்று நாங்கள் இதில் எதையும் செய்யவில்லை. பில்லைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். அதே உணவகம், அதே ஒன்பது பேர். நீலச் சட்டைத் தம்பி அதே சட்டையில் வருகிறான். ஆற்றைப் பார்த்த இரண்டு மேசைகளுக்கு முன்பதிவு செய்து, உறுதி செய்த செய்தியை ஒன்பது போனிலும் வைத்திருக்கிறோம். அந்தத் தங்கை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடிக்கும்வரை இந்த முறை யாரும் எழுந்திருக்கப் போவதில்லை.

ஜெய்பீம்.