பழைய டிராக்டர் வாங்கி ரெடி பண்ணப் போறீங்களா? முதல்ல என் கணக்கைப் பாருங்க



ராத்திரி பதினோரு மணி. ஆபீஸ் லேப்டாப்பை மூடிட்டு படுக்கையில சாய்ஞ்சு போனை எடுக்கறீங்க. அமெரிக்காவுல ஒரு பெரியவர் தன் வீட்டு ஷெட்டுல துருப்பிடிச்ச கார்டன் டிராக்டர் ஒண்ணைப் பிரிச்சுக்கிட்டு இருக்கார். 1963-ல வந்த ஜான் டீர் 110 மாதிரி, இல்லேன்னா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வந்த கப் கேடட் மாதிரி ஒரு குட்டி வண்டி. கார்புரேட்டரைக் கழுவறார், பாயிண்ட் செட் பண்றார், பச்சை பெயிண்ட் அடிக்கிறார். இருபதாவது நிமிஷம் இன்ஜின் புகையைத் தள்ளிக்கிட்டு ஓடுது. நமக்கும் மனசு நிறையுது.

நானும் பார்க்கிறேன். இன்னைக்கும் பார்க்கிறேன். பிரச்சினை அதுக்கு அடுத்த வீடியோவுலதான். "ஒரு லட்சத்துக்கு வாங்கின பழைய டிராக்டர், ரெண்டரை லட்சத்துக்குப் போச்சு!" அப்படின்னு நம்ம ஊர் தம்னெயில் ஒண்ணு வரும். அதைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்கறவங்க அதிகமாயிட்டாங்க. "சார், ஊர்ல நிலம் இருக்கு, வீக்எண்ட் போறேன். பழைய டிராக்டர் ஒண்ணு வாங்கி நானே ரெடி பண்ணினா நல்ல இன்வெஸ்ட்மென்ட்தானே?"

என் பதில் இதுதான்: வாங்குங்க, ஆசை தீர ரெடி பண்ணுங்க. ஆனா அதை இன்வெஸ்ட்மென்ட்னு சொல்லாதீங்க. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் மாட்டினேன்.

என் கதை

செஞ்சி பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர். மணிலா போடற மண். அப்பா கடைசி வரைக்கும் வாடகை டிராக்டருக்குத்தான் காத்திருந்தார். மழை பெய்ஞ்ச மறுநாள் எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஏர் ஓட்டணும். நம்ம முறை வர்றதுக்குள்ள ஈரம் காய்ஞ்சிடும். அதனால சொந்த டிராக்டர்னா எனக்கு அது வெறும் இரும்பு கிடையாது.

2022 பிப்ரவரியில ஒரு 35 எச்.பி. டிராக்டர் வந்துச்சு. 1996 மாடல், விலை 1,35,000. அப்போ கையில இருந்த எமர்ஜென்சி ஃபண்டை எடுத்தேன். "ஆறு மாசத்துல ரெடி பண்ணிடலாம், வித்தாலும் லாபம்தான்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மத்தவங்க பேலன்ஸ் ஷீட்டைத் தணிக்கை பண்ற ஆள், என் வரவு செலவை மட்டும் மனக்கணக்காவே வச்சிருந்தேன்.

வேலை பதினாலு மாசம் இழுத்துச்சு. முடிஞ்ச பிறகுதான் எல்லா பில்லையும் எக்செல்ல ஏத்தினேன்:

- வாங்கின விலை: 1,35,000
- இன்ஜின் வேலை (லைனர், பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங், பம்ப், நாசில்): 58,000
- பின் டயர் ரெண்டு: 42,000
- கிளட்ச்: 16,500
- ஹைட்ராலிக் லிஃப்ட்: 14,000
- பேட்டரி, செல்ஃப் மோட்டார், வயரிங்: 17,500
- டிங்கரிங், பெயிண்ட்: 23,000
- டூல்ஸ், செயின் பிளாக்: 19,000
- பேப்பர் வேலை, இன்சூரன்ஸ்: 15,000

மொத்தம் 3,40,000 ரூபாய். இதோட சென்னையில இருந்து ஊருக்கு 28 தடவை போய் வந்த பெட்ரோல், டோல், சாப்பாட்டுச் செலவு. ஒரு தடவைக்கு 2,000-ன்னு வச்சாலும் 56,000. ஆக 3,96,000.

ரெடி ஆனதும் எனக்கு வந்த அதிகபட்ச விலை 2,10,000. வாங்க வந்தவர் புது பெயிண்ட்டைத் தடவிப் பார்த்துட்டு, "பெயிண்ட்டுக்கு யாரு தம்பி காசு தருவா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி.

யூடியூப் சொல்லாத வித்தியாசம்

அமெரிக்க கார்டன் டிராக்டர் வீட்டைச் சுத்தி புல் வெட்டறதுக்கும், குளிர்காலத்துல பனி தள்றதுக்கும் வந்த வண்டி. அந்தக் காலத்து மாடல்கள் பலதுலயும் ஒத்தை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ரெண்டு பேர் சேர்ந்தா இன்ஜினை மேஜை மேல தூக்கி வச்சிடலாம். வண்டி பெரும்பாலும் வீட்டு காம்பவுண்டை விட்டு வெளியே வராது.

நம்ம ஊர் பழைய டிராக்டர் ஒன்றரை டன்னுக்கு மேல. கிளட்ச் பிளேட் மாத்தணும்னா வண்டியையே நடுவுல ரெண்டாப் பிளக்கணும். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். இதை வீட்டு ஷெட்டுல ஒரு ஜாக்கியை நம்பிச் செய்யக் கூடாது. செயின் பிளாக், ஸ்டாண்ட், கூட ஒரு அனுபவசாலி, மூணும் வேணும். லைனர், கிராங்க் வேலைக்கு லேத் பட்டறைக்குப் போயே ஆகணும். "நானே பண்ணிக்கிறேன்"னு நீங்க சொல்றது உண்மையில பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு கூலி உண்டு.

அந்த செப்டம்பர் மாசம்

வண்டி வாங்கி ஏழாவது மாசம். ஷெட்டுல டிராக்டர் ரெண்டாப் பிளந்து கிடக்குது. அம்மா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷனுக்கு உடனே 1,80,000 வேணும். என் ஆபீஸ் மெடிக்கல் பாலிசியில பெற்றோரைச் சேர்க்கலை. எமர்ஜென்சி ஃபண்ட்? அது லைனரும் பிஸ்டனும் டயருமா மாறியிருந்துச்சு.

பிரிச்சுப் போட்ட டிராக்டரை ரெண்டு நாள்ல யார் வாங்குவாங்க? பழைய இரும்புக்காரர் மட்டும்தான்.

என் மனைவி அவங்க வளையலையும் ஆரத்தையும் எடுத்துக் கொடுத்தாங்க. நகைக்கடன் வாங்கினேன். ஒரு வார்த்தை சொல்லலை. "நல்ல இன்வெஸ்ட்மென்ட்"னு நான் அவங்ககிட்ட சொன்னது அவங்களுக்கும் ஞாபகம் இருந்திருக்கும், எனக்கும் ஞாபகம் இருந்துச்சு. நகையைத் திருப்ப பதினோரு மாசம் ஆச்சு. அந்த வட்டி மேல இருக்கிற பட்டியல்ல இல்லை.

நண்பர்களே, ஒரு பொருளோட மதிப்பு எவ்வளவுங்கிறது ஒரு கேள்வி. உங்களுக்குத் தேவைப்படற அன்னைக்கு அது காசா மாறுமாங்கிறது வேற கேள்வி. எஃப்.டி.யை ஒரே நாள்ல உடைக்கலாம். டிராக்டரை அப்படி முடியாது.

"ஆனா வாடகை மிச்சம் ஆகுமே?"

கணக்கு போடுவோம். எங்க ரெண்டு ஏக்கருக்கு ஒரு வருஷத்துல மொத்தம் பத்து மணி நேர உழவு. எங்க ஊர் வாடகை மணிக்கு 1,200. வருஷத்துக்கு 12,000 ரூபாய். நான் போட்ட 3,96,000-ஐ 6% எஃப்.டி.யில போட்டிருந்தா வருஷ வட்டி மட்டும் 23,760. வரி போக எடுத்தாலும், அந்த வட்டியிலேயே உழவை முடிச்சுட்டு மிச்சமும் பார்த்திருக்கலாம். அசல் அப்படியே இருந்திருக்கும்.

வாடகை டிராக்டர் நேரத்துக்குக் கிடைக்கலைங்கிறதுதான் உங்க கவலைன்னா, தமிழ்நாடு அரசோட வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டரை வாடகைக்கு விடுது. உழவன் செயலியில பதிவு பண்ணலாம். அதையும் ஒரு தடவை முயற்சி பண்ணுங்க.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12%-ல இருந்து 5% ஆயிடுச்சு. டிராக்டர் பின் டயர், டியூப், ஹைட்ராலிக் பம்ப் மாதிரி பல பாகங்களுக்கு 18%-ல இருந்து 5%. ரிப்பேர் பண்றவங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனா புது வண்டி விலை இறங்கும்போது, உங்க பழைய வண்டியைக் கேட்கறவரும் குறைச்சுத்தான் கேட்பார்.

வரி விஷயம்

"செலவை வரியில காட்டலாமா சார்?" முடியாது. உங்க சம்பள வருமானத்துல இருந்து டிராக்டர் செலவைக் கழிக்க வழி இல்லை. விவசாய வருமானத்துக்கு நேரடியா வரி இல்லாததால, அங்கே செலவு காட்டியும் பெரிசா லாபம் இல்லை.

ஒண்ணு முடிச்சு வித்து, இன்னொண்ணு வாங்கி ரெடி பண்ணி விக்கிறதுன்னு தொடர்ந்து போனீங்கன்னா அது வியாபாரம். லாபம் பிசினஸ் வருமானமா வரும். வழக்கமான ஐ.டி.ஆர்.-1 போட முடியாது. பழைய வரி முறை, புது வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கிற வசதியும் பிசினஸ் வருமானம் உள்ளவங்களுக்குக் கிடையாது. சின்ன லாபத்துக்காக இதை இழக்கிறோமான்னு யோசிங்க.

மாடிஃபிகேஷன் ஆசை

பெரிய டயர், சத்தமான சைலன்சர், சீட்டை உயர்த்தறது, வேற இன்ஜின். பார்க்க கெத்தா இருக்கும். ஆனா ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாத மாதிரி மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்குது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்துன்னு ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல தேடறதும் இதைத்தான்.

டிராக்டர் சுலபமாக் கவிழற வண்டி. உயரத்தையும் எடையையும் மாத்தினா இன்னும் சுலபமாக் கவிழும். பின்னாடி சுத்தற பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மூடி இல்லாம ஓட்டினா, லுங்கி நுனி மாட்டினா போதும். பெயிண்ட்டுக்கு 23,000 கொடுத்தேன்னு சொன்னேனே, அந்த ஷாஃப்ட் மூடி மாட்டினது அதுக்கு அப்புறம்தான். வரிசை தப்பு. நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

அப்படியும் ஆசை விடலையா? என் ஐந்து விதிகள்

1. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட், பெற்றோருக்கு மெடிக்கல் பாலிசி, உங்களுக்கு டெர்ம் இன்சூரன்ஸ். இந்த மூணும் இல்லாம டிராக்டர் ஷெட்டுப் பக்கமே போகாதீங்க.

2. வாங்கற விலையை இரண்டரையால பெருக்குங்க. எனக்கு 1,35,000 கடைசியில 3,40,000 ஆச்சு. பெருக்கின தொகை கையை மீறுதுன்னா வண்டியும் கையை மீறினதுதான்.

3. கடன் வேண்டாம். பர்சனல் லோனும் வேண்டாம், கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யும் வேண்டாம். சம்பளத்துல 5% தனி அக்கவுண்ட்டுல போடுங்க. அதுல காசு இருக்கிற மாசம் வேலை நடக்கட்டும், இல்லாத மாசம் தார்ப்பாய் போட்டு மூடி வைங்க. பொழுதுபோக்குக்கு டெட்லைன் கிடையாது.

4. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர். ஆர்.சி.யில இருக்கிற சேஸிஸ், இன்ஜின் நம்பரை வண்டியில தேய்ச்சுப் பாருங்க. ஹைபாதிகேஷன் இருக்கான்னு பாருங்க. என் வண்டியோட கடன் எப்பவோ கட்டி முடிச்சது. ஆனா ஆர்.சி.யில அந்தப் பெயர் அப்படியே இருந்துச்சு. தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்கறதுக்குள்ள நாலு மாசம். 15 வருஷம் தாண்டின வண்டின்னா பதிவைப் புதுப்பிச்சாங்களான்னும் கேளுங்க.

5. பாகம் கிடைக்கிற மாடலா எடுங்க. எச்.எம்.டி. டிராக்டர் மேல பலருக்கும் பாசம் உண்டு. ஆனா அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-லேயே ஒப்புதல் கொடுத்தாச்சு. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர் ஸ்பேர்ஸ் கடையில போய், "இதுக்கு கிளட்ச் பிளேட் இருக்கா, ஹைட்ராலிக் கிட் இருக்கா?"ன்னு கேட்டுட்டு வாங்க.

நான் வித்துட்டேனா?

இல்லை. வண்டி இன்னும் ஊர்லதான் இருக்கு. போன ஆடியில மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில, யார் முறைக்கும் காத்திருக்காம எங்க நிலத்தை நானே ஓட்டினேன். அம்மா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னு பார்த்தாங்க. "உங்கப்பா இருந்திருக்கணும்டா"ன்னாங்க. அந்தக் காலை வேளைக்கு என்ன விலைன்னு எனக்குப் போடத் தெரியாது. போடவும் வேண்டாம்.

ஆனா என் எக்செல்ல சொத்துப் பட்டியல்ல அந்த டிராக்டர் கிடையாது. செலவுப் பக்கத்துல, "பொழுதுபோக்கு"ங்கிற தலைப்புக்குக் கீழே இருக்கு. வாங்கின அன்னைக்கே அதை அங்கே எழுதியிருந்தா எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டிருக்க மாட்டேன். வளையலும் வீட்டுலயே இருந்திருக்கும்.

உங்க ஆசை டிராக்டரா இல்லாம பழைய புல்லட்டா, ஸ்கூட்டரா, ஜீப்பா இருந்தாலும் இதே கணக்குதான். உங்க பட்டியலைப் போட்டுப் பாருங்க. எந்தத் தலைப்புல எழுதினீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பெற்றோருக்கான மெடிக்கல் பாலிசி எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பார்ப்போம். இந்தக் கதையில நான் முதல்ல வாங்கியிருக்க வேண்டியது அதுதான்.