மெமரி விலை ஏறுகிறது: முதலில் மதர்போர்டைப் பாருங்கள்

அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பர் 3-ஆம் தேதி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 'குருஷியல்' என்ற பெயரில் சில்லறைக் கடைகளில் விற்றுவந்த மெமரி, எஸ்எஸ்டி வணிகத்திலிருந்து விலகுவதாகவும், 2026 பிப்ரவரி வரை மட்டுமே சரக்கு அனுப்பப்படும் என்றும் அது கூறியது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கான உத்தரவாதச் சேவை தொடரும். வளர்ந்துவரும் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு மெமரி வழங்கவே இந்த முடிவு என்பது நிறுவனத்தின் விளக்கம்.

பெர்மாஸ் ஜெயாவில் வார இறுதிகளில் இளைஞர்களுக்குக் கணினி பொருத்திக் கொடுப்பவன் நான். முன்பெல்லாம் என்னிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்தக் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்பதாக இருக்கும். இப்போது, "அண்ணே, ரேம் ஏன் இந்த விலை?" என்று கேட்கிறார்கள். 2025 செப்டம்பருக்கும் ஆண்டு இறுதிக்கும் இடையில் 32 ஜிபி டிடிஆர்5 மெமரியின் சில்லறை விலை பல நாடுகளில் இரண்டு, மூன்று மடங்காகிவிட்டது. கேமிங் கணினியை மேம்படுத்தும் முறையையே இது மாற்றிவிட்டது.

விலை ஏறியது ஏன்?

உலகின் டிராம் மெமரியில் மிகப் பெரும் பகுதியைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: தென் கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுக்குத் தேவைப்படும் எச்பிஎம் என்ற உயர்வேக மெமரியையும் இவையே செய்கின்றன. அதே அளவு கொள்ளளவுக்கு, டிடிஆர்5-ஐவிட எச்பிஎம் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது என்று மைக்ரானே கூறியுள்ளது. எனவே தொழிற்சாலை ஒரு பங்கு எச்பிஎம் செய்யும்போதெல்லாம் நமக்கு வரவேண்டிய மெமரி ஏறத்தாழ மூன்று பங்கு குறைகிறது.

2025 அக்டோபரில் ஓபன்ஏஐ நிறுவனம் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் ஆகியவற்றுடன் பூர்வாங்க உடன்பாடு கண்டது. மாதம் 900,000 தகடுகள் வரை என்பது அதில் பேசப்பட்ட இலக்கு. அந்த அறிவிப்புக்குப் பின் சந்தையில் பதற்றம் கூடியது. பழைய டிடிஆர்4-உம் தப்பவில்லை. அதன் தயாரிப்பைக் குறைக்கப் பெரிய நிறுவனங்கள் 2025-இல் முடிவெடுத்ததால் அதன் விலையும் ஏறியது.

இது எங்கோ நடக்கும் கதையன்று. சிங்கப்பூர் 2019 முதல் 2022 தொடக்கம் வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தபோது முதலீட்டாளர்களின் பார்வை ஜொகூர் மீது திரும்பியது. இன்று கூலாய், செடெனாக் வட்டாரத்தில் அவை வரிசையாக எழுந்துள்ளன. ஒய்டிஎல் நிறுவனம் என்விடியாவுடன் இணைந்து அமைக்கும் வளாகமும் கூலாயில்தான் உள்ளது. மைக்ரானுக்கு நம் மாநிலத்தின் மூவாரில் ஓர் ஆலையும் உண்டு. ஆனாலும் நமக்கென்று உள்ளூர் விலை கிடையாது. உலகம் கொடுக்கும் விலையைத்தான் பெர்மாஸ் ஜெயா மாணவனும் கொடுக்கிறான்.

பலகை சொல்வதே முடிவு

இந்த நிலையில் 'புதியது எதுவோ அதை வாங்கு' என்ற அறிவுரை செல்லாது. உங்கள் மதர்போர்டு எந்த மெமரியை ஏற்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 ஊசிமுனைகள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் மின்சாரத்தைச் சீராக்கும் முறையும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மடிக்கணினிக்கான குட்டை மெமரியும் மேசைக் கணினிக்கு ஆகாது.

ஏஎம்டியின் ஏஎம்4 பலகைகள் டிடிஆர்4 மட்டுமே ஏற்கும். 2022-இல் வந்த ஏஎம்5, டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் இரண்டோடும் வேலை செய்யும். ஆனால் ஒரு பலகையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு வகைக்குத்தான் இடம் இருக்கும். 2024-இல் வந்த இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வரிசை மேசைக் கணினிகளுக்கு டிடிஆர்5 மட்டுமே.

அந்த இன்டெல் பலகைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பி760 போன்ற பலகைகள் ஏறக்குறைய ஒரே பெயரில் இரு வகையிலும் விற்கப்படுகின்றன. பெயரின் கடைசியில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று இருப்பதுதான் வேறுபாடு. அண்மையில் என்னிடம் வந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், கையிலிருந்த டிடிஆர்4 மெமரிக்காக இணையத்தில் பலகை வாங்கியிருந்தார். விளம்பரத்தில் இருந்த படம் ஒன்று, வந்து சேர்ந்தது டிடிஆர்5 பலகை. திருப்பி அனுப்பி மாற்ற மூன்று வாரமானது. அதுவரை அவருடைய செமஸ்டர் திட்டப்பணி கைப்பேசியில்தான் நடந்தது.

யார் என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், பழைய கணினி வைத்திருப்போர் பலர் மாற்ற வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

முதலாவது, ஏஎம்4 பலகையும் பழைய ரைசன் பிராசசரும் வைத்திருப்போர். பி450, பி550 போன்ற பலகைகளில் பயோஸைப் புதுப்பித்து ரைசன் 5000 வரிசைப் பிராசசர் ஒன்றைப் பொருத்தலாம். மெமரியும் பலகையும் அப்படியே இருக்கும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். இடியும் மழையுமான மாலை நேரத்தில் அந்த வேலையைத் தொடங்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் பலகையே செயலிழக்கக்கூடும்.

இரண்டாவது, பழைய இன்டெல் கணினியில் டிடிஆர்4 மெமரி வைத்திருப்போர். டிடிஆர்4 ஏற்கும் பி660 அல்லது பி760 பலகையும் 12-ஆம் தலைமுறைப் பிராசசரும் வாங்கினால் மெமரிச் செலவு மிஞ்சும்.

மூன்றாவது, கையில் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குவோர். இவர்களுக்கு ஏஎம்5 நீண்டகாலத்துக்கு ஏற்றது. 2027-க்குப் பின்னும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி கூறியுள்ளது. மெமரியை இரண்டு துண்டுகள் கொண்ட ஒரே பெட்டியாக வாங்குங்கள். நான்கு துண்டுகள் போட்டால் டிடிஆர்5-இன் வேகம் வெகுவாகக் குறையும். முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். பலகை மெமரியைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்து மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

பெரிய எண்ணுக்கு மயங்காதீர்கள்

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: வேகம், சிஎல். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். டிடிஆர்4-3200 சிஎல்16-க்கு 10 நானோ நொடி. டிடிஆர்5-6000 சிஎல்30-க்கும் அதே 10. டிடிஆர்5-4800 சிஎல்40-க்கோ 16.7. ஒரே நேரத்தில் அனுப்பும் தரவின் அளவில் டிடிஆர்5 முந்தும் என்பது உண்மை. ஆனால் மலிவான டிடிஆர்5-க்காக நல்ல டிடிஆர்4-ஐத் தூக்கி எறிவதில் பெரிய ஆதாயம் இல்லை.

காசில்லாமல் கிடைக்கும் வேகமும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பகுதியைத் திறந்து பாருங்கள். 3200 என்று வாங்கிய மெமரி 2133 அல்லது 2400-இல் ஓடினால், பயோஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். நான்கு இடம் உள்ள பலகையில் இரண்டு துண்டுகளைப் பொதுவாகப் பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்த வேண்டும். என்னிடம் வரும் கணினிகளில் பல, இந்த இரண்டு திருத்தங்களோடு புதிதாக எதுவும் வாங்காமல் திரும்பியிருக்கின்றன.

வாங்கும்போது

பலகைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில், சோதித்துப் பார்த்த மெமரிகளின் பட்டியல் இருக்கும். நீங்கள் வாங்கும் மெமரியின் முழு மாதிரி எண்ணை அதில் தேடுங்கள். பழைய மெமரி வாங்குவதானால் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் வேண்டாம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவோ அண்ணனோ சிம் லிம் ஸ்குவேரில் வாங்கி வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். பழுதானால் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கு வாங்கிய பொருள் விளம்பரத்துக்கு மாறாக இருந்து, கடையும் கைவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் விளம்பரத்தின் திரைப்படத்தையும் சேமித்து வையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கேட்கும் கணினி விளையாட்டுக்கு மட்டுமல்ல. கல்லூரிப் பாடம், வடிவமைப்பு, நிரலாக்கம் எல்லாம் அதில்தான். மறுப்பதற்கு முன்னும் முழுத் தொகையைக் கொடுப்பதற்கு முன்னும், "இப்போதுள்ள பலகையின் பெயர் என்ன? அது எந்த மெமரியை ஏற்கும்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிள்ளைக்குத் தேவையானது பெரும்பாலும் ஒரே ஒரு பாகமாக இருக்கும். தெரியாவிட்டால், காசை எடுக்குமுன் கணினியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து இருவரும் சேர்ந்து பாருங்கள்.