முடிவு வந்த மறுநாள்



ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகிறது. இனிப்பு வழங்கி மகிழும் இல்லங்களுக்கு நம் வாழ்த்துகள். அண்டை வீட்டார் என்ன கேட்பரோ என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்ட இல்லங்களுக்காகவே இம்மாதம் இப்பக்கத்தை ஒதுக்குகிறோம்.

நம் கடற்கரைக்கு இம்முடிவு இக்கட்டான வேளையில் வந்து சேருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வருவாய் நின்று கடன் ஏறும் நாள்கள் அவை. 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முடிவு மே 8 அன்று வெளியாயிற்று. தவறிய பாடங்களுக்கான துணைத் தேர்வு ஜூன் 25 அன்று தொடங்கிற்று. இடையே இருந்தவை 48 நாள்கள். தடை நீங்கிப் படகுகள் புறப்பட்டதோ, தேர்வுக்குப் பத்து நாள்களே எஞ்சியிருந்தபோது. மகன் புத்தகத்தோடு அமர வேண்டிய நாளிலேயே படகும் அவனை அழைக்கிறது.

“இம்முறை கடலுக்கு வரட்டும், அடுத்த முறை தேர்வு எழுதலாம்” என்று தந்தையார் எண்ணுவது இயல்பே. ஆயினும், கூலியைக் கண்ட கை மீண்டும் பேனாவைத் தேடுவது அரிது. மகளாயின், “போதும், வீட்டில் இரு” என்னும் ஒரு சொல்லோடு படிப்பு நின்றுவிடுகிறது. கடல்தொழில் தாழ்ந்ததன்று. ஆனால் அதனை விரும்பி ஏற்பது வேறு. ஒரு பாடத்தில் தவறியதால் அதில் தள்ளப்படுவது வேறு.

ஆதலால், முடிவு வந்த மறுநாளே செய்யத்தக்கவற்றை அறிந்திருத்தல் நலம்.

எதிர்பார்த்ததினும் மதிப்பெண் மிகக் குறைந்திருந்தால், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, தேவையெனில் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம். இதற்குரிய கெடு சில நாள்களே. கோபத்திலும் அழுகையிலும் அந்நாள்களை இழந்துவிடலாகாது.

தவறியிருந்தால், துணைத் தேர்வுக்கு உடனே பள்ளியில் பதிவு செய்க. அதில் தேறியவர் அவ்வாண்டிலேயே கல்லூரியில் எஞ்சிய இடங்களுக்கு முயலலாம். பொறியியல் படிப்புக்கு அவர்களுக்கெனத் துணைக் கலந்தாய்வும் உண்டு.

தேறியும் மதிப்பெண் குறைவால் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காதவர், உரிய பாடங்களைப் பயின்றிருப்பின், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு ஆண்டுகளில் பட்டயம் பெற்றபின், பி.இ. படிப்பிலும் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு. அது மேலும் மூன்று ஆண்டுகள். ஆக மொத்தம் ஐந்து ஆண்டுகள். நான்கு ஆண்டுகளில் பட்டம் பெறும் தோழனினும் இவன் பிந்துவது ஓராண்டே! அந்த ஓராண்டுக்காக அளவுக்கு மீறிக் கடன் வாங்கி, கிடைத்த கல்லூரியில் பிள்ளையைச் சேர்ப்பது அறிவுடைமையாகுமா?

கணிதமேதை இராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்துக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. எனினும் தம் கணக்குக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, அதன் அருமையை உணரக்கூடியவர்களை நாடிச் சென்றார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தரானார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. எல்லோரும் இராமானுஜன் ஆகார். தேர்வில் தவறுவது பெருமையும் அன்று. தன்னால் இயன்றது எது என்பதைக் கண்டு, அதனை அறிந்தோரிடம் காட்டத் தயங்காத அத்துணிவே நம் பிள்ளைகள் கற்கத்தக்கது.

பெற்றோருக்கு ஒரு சொல். இக்கடலில் கடைசியாக 1961இல் முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்குபவனின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்து நிற்பார்; கயிறு அசைந்தால் மேலே இழுப்பார். மூழ்கியவன் சிப்பியோடு வந்தானா, வெறுங்கையோடு வந்தானா என்று பார்த்தபின் அவர் இழுப்பதில்லை. முடிவு வந்த அன்று உங்கள் பிள்ளைக்கு அந்தக் கை நீங்களே. அன்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பேசாதீர்கள். உண்ணாமல், பேசாமல் ஒதுங்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் தொலைபேசி வழியே ஆலோசனை கூறுவோர் உளர். அவர்களை அழைப்பதில் வெட்கம் வேண்டா.

வீட்டில் அமர்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்குப் பங்கு மன்றத்தின் ஒரு மூலையையும் ஒரு விளக்கையும் அந்நாள்களில் மாலைதோறும் தரலாம். கல்லூரியில் பயிலும் அண்ணன்மாரும் அக்காமாரும் நாளுக்கு ஒரு மணி நேரம் கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுக்கலாம். தடைக்காலம் முடியும் அன்று, தந்தையார் மகனிடம் சொல்ல வேண்டியது இவ்வளவே: “தேர்வை எழுதிவிட்டு வா, படகு எங்கும் போய்விடாது.”