நாய்க்கு மூட்டுவலி: மாத்திரை டப்பாவும் சோற்றுத் தட்டும்

வயசான நாய் மாடிப்படி ஏறத் தயங்க ஆரம்பித்தால் வீட்டில் முதலில் என்ன நடக்கும்? கடைக்குப் போய் ஒரு குளுக்கோசமைன் டப்பா வாங்குவார்கள். டப்பாவின் மேல் துள்ளிக் குதிக்கிற நாய் படம் இருக்கும். விலை ஜாஸ்திதான், ஆனாலும் "பாவம், வாயில்லா ஜீவன்" என்று வாங்கிவிடுவார்கள். அன்று ராத்திரி அதே நாய்க்கு நெய் விட்ட சாதம், நாலு பிஸ்கட், மேஜைக்கடியில் நழுவி விழும் சப்பாத்தி எல்லாம் வழக்கம்போல் கிடைக்கும்.

டப்பாவுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் தட்டைக் குறைக்க வேண்டும். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

அமெரிக்காவில் ப்யூரினா நிறுவனம் 48 லேப்ரடார் குட்டிகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தது. ஒரே தாய் ஒன்றாக ஈன்ற குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் போடுவதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்கு. ஆயுள் முழுக்க இப்படியே. முடிவு 2002ல் வெளியானது. நன்றாகச் சாப்பிட்ட கோஷ்டியில் பாதி நாய்களுக்கு 10.3 வயதிலேயே மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடர் சிகிச்சை தேவைப்பட்டது. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு அது 13.3 வயதில்தான். ஆயுளிலும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் லாபம். நாய்த் தீனி விற்கிற கம்பெனியே "கம்மியாகப் போடுங்கள்" என்று நிரூபித்ததுதான் இதில் தமாஷ் :)

ஏற்கெனவே நொண்டுகிற நாய்க்கு? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பருத்த, மூட்டுவலி உள்ள 14 நாய்களை இளைக்க வைத்துப் பார்த்தார்கள். சின்ன ஆராய்ச்சிதான், 2010ல் வந்தது. எடையில் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டல் குறைந்திருந்தது. 35 கிலோ லேப்ரடார் என்றால் சுமார் 2 கிலோ, அவ்வளவுதான். மூட்டின் மேல் பாரம் குறைவது ஒரு காரணம். இன்னொன்று, உடம்புக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் அதுவே சுரக்கிறது.

சரி, இவ்வளவு சுலபமான வைத்தியம் ஏன் பிரபலமாகவில்லை? யாருக்கும் இதில் மார்ஜின் கிடையாது! அரை கப் சோற்றைக் குறைக்கச் சொல்லி எந்தக் கம்பெனி விளம்பரம் கொடுக்கும்? இன்னொரு விசேஷம், இந்தச் சந்தையில் சாப்பிடுகிறவர் வேறு, காசு கொடுக்கிறவர் வேறு, "பரவாயில்லையே, குணம் தெரியுது" என்று சொல்கிறவரும் காசு கொடுத்தவரே. 2012ல் வந்த ஒரு ஆய்வில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்ட நாய்களைப் பார்த்து உரிமையாளர்கள் பாதி தடவைக்கு மேல் முன்னேற்றம் இருப்பதாக நம்பியிருக்கிறார்கள்.

குளுக்கோசமைனும் கான்ட்ராய்டினும் குருத்தெலும்பில் இருக்கிற பொருட்கள்தான். அதனால் அதைத் தின்றால் குருத்தெலும்பு வளரும் என்று தோன்றுவது இயல்பு. (வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்கிற மாதிரி.) ஆனால் 2022ல் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, நாய், பூனைகளின் மூட்டுவலிக்கு இந்த இரண்டையும் இனி பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அதே அலசலில் தேறியது ஒமேகா 3 கொழுப்பு, அதாவது மீன் எண்ணெய். மத்தி மீனில் இது நிறைய உண்டு. வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கலாம், குழம்பில் போட்டதைக் கொடுக்கக் கூடாது, வெங்காயம் நாய்க்கு விஷம். மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், அளவு மீறினால் ஆபத்து. மீன் எண்ணெயிலும் கலோரி இருக்கிறது என்பதால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குட்டியாக இருக்கும்போதே கால்சியம் சிரப்பைத் தாராளமாக ஊற்றுவதும் தப்பு. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அதிகப்படி கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

உணவால் தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. வலி அதிகமானால் மருந்து வேண்டும், அதுவும் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தது. வீட்டில் இருக்கிற ஐபுப்ரோஃபென், பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற ஆட்கள் உண்டு. அது நாயின் உயிருக்கே உலை வைக்கும்.

எடை சரியா என்று பார்க்கத் தராசுகூட வேண்டாம். விலாவில் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் நாய் குண்டு. அதற்குப் பிறகுதான் நிஜமான கஷ்டம். அம்மா அளந்து போடுவார், அப்பா காலை டிபனில் ஒரு விள்ளல் இட்லி போடுவார், பாட்டி யாரும் பார்க்காதபோது பால் ஊற்றுவார். மூன்று பேரும் தனித்தனியாக "நான் கொஞ்சம்தான் குடுத்தேன்" என்பார்கள். ஒரு நாளைய தீனி முழுவதையும் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டு, யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். பாட்டியைச் சமாளிப்பது அந்தந்த வீட்டுக்காரர் சாமர்த்தியம்.