இறுகிப்போன கிளட்ச்: எந்தப் பக்கம் திருப்புவது?

கேள்வி: கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க 2018-ல் பெட்ரோல் செயின் சா வாங்கினேன். இப்போது புதுச் செயின் மாட்டியும் துள்ளுகிறது. பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, கிளட்சைக் கழற்றி மாற்ற வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு பலம் கொடுத்தும் கிளட்ச் அசையவில்லை. உளி வைத்து அடிக்கலாமா?
- வாசகர், பட்டுக்கோட்டை வட்டம்

பதில்: உளியையும் சுத்தியலையும் எடுக்காதீர்கள். கிளட்ச் கட்டையின் ஓரம் உடையும். கிராங்க் தண்டு வளைந்தால் இன்ஜினே போய்விடும்.

முதலில் பக்க மூடியைத் திறந்து பாருங்கள். பல்சக்கரம் வெளிப்பக்கம் தெரிந்தால் கிளட்சைத் தொடவே வேண்டாம். சிறு கிளிப்பை நீக்கினால் டிரம்மோடு வந்துவிடும். கிளட்ச் வெளியே, பல்சக்கரம் அதற்குப் பின்னால் என்றால்தான் கிளட்சைக் கழற்ற வேண்டும்.

இந்த கிளட்சுக்குப் பெரும்பாலும் இடது மரைதான் இருக்கும். சாதாரண நட்டைப் போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பல மாடல்களில் கிளட்ச் மேலேயே அம்புக்குறி இருக்கும். இன்ஜின் ஓடும்போது கிளட்ச் தானாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் வேலை செய்யச் செய்ய அது இறுகிக்கொண்டே போகிறது.

கழற்றும் முறை:

1. இன்ஜின் நன்றாக ஆறட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள்.

2. பிஸ்டன் மேலே ஏறும்போது, சைலன்சர் பக்கத் துவாரத்தை மூடியபின் நிறுத்துங்கள். பிளக் துளை வழியே சுத்தமான மெல்லிய நைலான் கயிற்றை உள்ளே திணியுங்கள். ஒரு முனை வெளியே நீண்டிருக்கட்டும். துவாரம் திறந்திருந்தால் கயிறு அதில் புகுந்து அறுபடும்.

3. கிளட்சைக் கடிகாரத் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். பிஸ்டன் கயிற்றில் மெத்தென்று முட்டி நிற்கும். காற்றாடிச் சக்கரத்தின் இறக்கைகளில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நிறுத்தாதீர்கள். அவை எளிதில் முறியும்.

4. கிளட்சுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானரையோ அதற்கான தனிக் கருவியையோ மாட்டி, நீண்ட கைப்பிடியால் ஒரே சீராக அழுத்துங்கள்.

அப்படியும் அசையாவிட்டால், மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் முயலுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருப்பதால் தீ வைத்துச் சூடுபடுத்தவே கூடாது.

மாட்டும்போது மரையைத் துடைத்து, கையாலேயே எதிர்த்திசையில் ஏற்றுங்கள். ஊசி பேரிங்கில் கொஞ்சம் கிரீஸ் போதும். கிளட்ச் கட்டையிலும் டிரம்மின் உட்புறத்திலும் பிசுக்கே படக்கூடாது. ஆயில் பம்பை ஓட்டும் கம்பி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் செயினுக்கு எண்ணெய் வராது. கயிற்றை முழுவதும் உருவிய பிறகே பிளக்கை மாட்டுங்கள்.

இனி இரண்டு செயின் தேய்ந்ததும் பல்சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. வேலையைத் தொடங்குமுன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். செயின் அசையாமல் நிற்க வேண்டும். சுற்றினால் ஐடில் வேகம் கூடுதலாக இருக்கலாம், கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மரத்தடிக்கு எடுத்துப் போகாதீர்கள். செயினை மாற்றலாம், காலை மாற்ற முடியாது.