பழைய பாணியும் பழம்பொருளும்

ஒரு நாற்காலியைக் கண்டவுடன், ‘இஃது எத்தனை ஆண்டுப் பழமையுடையது?’ என்று வினவுவதே நம்மவர் வழக்கம். முந்நூறு ஆண்டு என்று விடை வருமாயின் வியந்து நிற்பர். நூறு என்றால் முகஞ் சுளிப்பர். பாணி மட்டும் பழையது, மரமும் வேலைப்பாடும் பிற்காலத்தன என்று தெரிந்துவிட்டாலோ, ‘போலி’ என்னும் ஒரு சொல்லால் அதன் கதையை முடித்துவிடுவர். அச்சொல்லை இத்துணை எளிதாக வழங்குதல் நீதியன்று என்பதே யான் இங்கு எடுத்துரைக்க விழைவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், மத்திய கால ஆலயங்களின் கூர்முனை வளைவுகளையும் மூவிதழ் நாலிதழ் அலங்காரங்களையும் மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றோர் பலர். அவருள் தலையாயவர் அகஸ்டஸ் பியூஜின் (1812–1852). இவர் 1827-இல், தமது பதினைந்தாம் வயதிலேயே, நான்காம் ஜார்ஜ் மன்னரின் விண்ட்ஸர் மாளிகைக்குக் கோதிக் பாணியில் மரச்சாமான்கள் வகுத்தளித்தார். (நம்மில் பலர் அவ்வயதில் நன்னூற் சூத்திரங்களோடு போராடிக் கொண்டிருந்தோம்.) பின்னர் 1841-இல் வெளியிட்ட நூலில் அவர் அவ்விளமைக்கால வேலையைத் தாமே எள்ளி நகையாடினார். கோபுரமும் கூர்நுனியும் நாற்காலியின் மேல் ஒட்டவைக்கத் தக்கவையல்ல என்றும், அலங்காரம் பொருளின் கட்டமைப்பிலிருந்தே மலரவேண்டும் என்றும், மூட்டுக்களை மறைத்தல் தகாதென்றும் அவர் வற்புறுத்தினார். 1834-இல் தீக்கிரையான வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகை மீண்டும் எழுந்தபோது அதன் உள்ளலங்காரம் அவர் கைவண்ணமாயிற்று. 1847-இல் திறக்கப்பெற்ற பிரபுக்கள் சபையின் சிங்காதனமும் அவர் வகுத்ததே. அச்சிங்காதனத்தைப் போலி என்பார் உளரோ?

தமிழ் பயிலும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டது 1894-இல். காப்பியம் என்னும் பழைய வடிவத்திலேயே அதனை யாத்தார். அதனால் அவரைப் போலிப் புலவர் என்பார் யாருமிலர். ஆனால், பிற்காலத்தான் ஒருவன் தன் பாட்டைக் கம்பன் ஏட்டிற் செருகிக் கம்பனதென்று சொல்வானாயின், அது இடைச்செருகல், குற்றம். வடிவம் இரண்டிடத்தும் பழையதே, பெயரிலன்றோ வேற்றுமை?

ஆதலின் முதற்கண் வேண்டுவது, பொருளின் உண்மைக் காலத்தைக் காணும் பயிற்சி. அதற்கு முன்புறத்தைச் சிறிது மறந்துவிட வேண்டும். இழுப்பறையை வெளியே உருவிக் கவிழ்த்துப் பார்க்க. பலகையின் அடியில் வாளின் சுவடு நேர்கோடுகளாய், இடைவெளி ஒவ்வாது கிடந்தால், அது கையால் அறுத்த மரமாயிருத்தல் கூடும். வில்லைப்போல வளைந்து கிடந்தாலோ வட்டவாள் கொண்டு இயந்திரத்தில் அறுத்தது. அத்தகைய பலகை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாகாது. இழுப்பறையின் மூலையிற் புறாவின் வால்போல் விரிந்து பொருந்தும் பற்களையும் நோக்குக. கைவேலையாயின் ஒரு பல்லைப்போல் மறுபல் இராது; தச்சன் அளவுக்குக் கீறிய கோடும் ஓரத்திற் புலப்படும். இயந்திரவேலையாயின் அச்சில் வார்த்தனபோல் எல்லாம் ஒத்திருக்கும். திருகாணியும் பேசும். பழையதன் நுனி மழுங்கலாயிருக்கும். கூர்நுனித் திருகாணி பரவியது 1840-களுக்குப் பின்னரே. தலையிற் சிலுவைபோல் வெட்டுடையதாயின் அது 1930-களுக்கு முற்பட்டதன்று. ஆயினும் திருகாணியை எவரும் மாற்றலாமாதலின், அவ்வொரு சாட்சியைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறலாகாது.

மரம் தன் வயதைத் தானே எழுதிக்கொள்வதும் உண்டு. அது இழைக்குக் குறுக்கே சுருங்கும். நெடுக்கே சுருங்குதல் மிகச் சிறிது. ஆகவே வட்டமாகச் செய்த பழைய மேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தால் அது சற்றே நீள்வட்டமாயிருக்கக் காணலாம். கோதிக் பாணிப் பொருள்களுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்றுண்டு. மத்திய கால வீட்டுச் சாமான்களில் எஞ்சியவை மிகச் சில. கண்ணாடிக் கதவிட்ட புத்தக அலமாரியையும் குடை வைக்கும் நிலையையும் அக்காலத்தார் அறியார். அவற்றிற் கூர்முனை வளைவைக் கண்டால் வினாவுக்கே இடமில்லை.

கற்றவரும் ஏமாறுவர் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்ததொரு செய்தி சான்று. 1620-இல் மேபிளவர் கப்பலிற் சென்ற பெரியோருள் ஒருவரான புருஸ்டரின் பெயரால் வழங்கும் பதினேழாம் நூற்றாண்டு நாற்காலி வகை ஒன்றுண்டு. ஆர்மண்ட் லாமொண்டேன் என்னும் சிற்பி 1969-இல் அவ்வகையில் ஒன்றைத் தாமே செய்து, பழமைபோலத் தோன்றுமாறு பதப்படுத்திக் கைமாற்றினார். ஹென்றி போர்டு அருங்காட்சியகம் அதனை மெய்யான பழம்பொருளென நம்பி, 1970-இல் 9,000 டாலருக்கு வாங்கிற்று. 1977-இல் உண்மை வெளியாயிற்று. எக்ஸ்ரே படத்தில், உள்ளே மறைந்த துளைகள் இக்காலத் துளைக்கருவியால் இடப்பட்டவை என்பது தெரிந்தது. அந்நாற்காலியின் வேலைத்திறன் 1970-இல் எவ்வளவோ 1977-லும் அவ்வளவே. மாறியது அதன்மேல் ஏற்றிய பெயர்.

இப்பத்திரிகையைப் படிக்கும் பழைய மாணவர்களிற் பலர் இன்று சபைகளின் கமிட்டிகளில் அங்கம் வகிக்கின்றனர். இனி வருவது அவர்களுக்கே. கோதிக் பாணி நம் நாட்டிலும் வேரூன்றியதே. மயிலையிலுள்ள சாந்தோம் பேராலயம் 1896-இல் அப்பாணியிற் கட்டி முடிக்கப்பெற்றது. நம் ஆலயங்கள் சிலவற்றில் நம் தச்சரே தேக்கில் இழைத்த கூர்வளைவு நாற்காலிகளும் பிரசங்க பீடங்களும் உள. புதிய நாற்காலி வாங்குங்கால் இவற்றை ‘வெள்ளைக்காரன் பாணியைப் பார்த்துச் செய்தவைதாமே’ என்று, மரத்தின் கனஅளவிற்கு மட்டும் விலைபேசி விற்றுவிடும் எண்ணம் எழுகின்றது. வாங்கும் வியாபாரி அங்ஙனம் எண்ணுவதில்லை. அவன் சுரண்டி மெருகிட்டு, இன்னும் ஒரு நூற்றாண்டைச் சேர்த்துச் சொல்லி, பன்மடங்கு விலைக்கு விற்பான். நாம் குறைத்துச் சொன்ன பொய்யும் அவன் கூட்டிச் சொன்ன பொய்யும் சேர்ந்து, அதனைச் செய்த தச்சனை இருமுறை மறைத்துவிடுகின்றன.

விலை மதிப்பிடுவார் நோக்க வேண்டுவன: செய்தவர் அல்லது வகுத்தவர் பெயர் தெரியுமா, உறுப்புக்கள் மாற்றப்படாது உளவா, முதல் மெருகு நிற்கின்றதா, மூட்டு இன்றும் அசையாதிருக்கின்றதா என்பன. முதல் மெருகைச் சுரண்டியவர் மதிப்பிற் பெரும்பங்கைச் சுரண்டினவராவர்; ஆதலின் வார்னிஷ் டப்பாவைத் திறக்குமுன் சற்றுப் பொறுக்க. எந்தப் பொருளையும் ஏலத்திற்கு விடுமுன் சபைக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க. தச்சனுக்குக் கூலி கொடுத்த ஒரு வரி அங்கே கிடைப்பின், அவ்வரியைப் படியெடுத்து அந்நாற்காலியின் அடியில் ஒட்டிவைக்க.